எந்தக் கண்ணாடி?

என் அக்கா புருஷன் ஒரு நகைச்சுவைக் கலைஞன். இதை அவனே வாய்விட்டுச் சொன்னால்தான் நமக்குத் தெரியும். மேடையில் தனியாக நின்று, மைக்கைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவான். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் சிரிப்பார்கள். காசு கொடுத்தாயிற்று, சிரிக்காமல் வீட்டுக்குப் போனால் நஷ்டம் அவர்களுக்குத்தானே! வீட்டில் அவன் வாயிலிருந்து சிரிக்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. "சார்ஜர் எங்க?", "சத்தம் போடாத, யோசிக்கிறேன்", இவ்வளவுதான். மரியாதைக்கு 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை.

நேரில் 'மாமா' என்றுதான் கூப்பிடுவேன். அக்கா முகத்துக்காக.

இப்பேர்ப்பட்ட மாமாவைப் பற்றி ஒரு படம் எடுத்தார்கள். பாதி அவனுடைய மேடை நிகழ்ச்சி, பாதி அவனுடைய வாழ்க்கை. நான் எடிட்டர். கல்யாண வீடியோவில் தொடங்கி விளம்பரம், ஆவணப்படம் என்று எல்லாக் குப்பையையும் வெட்டி ஒட்டிப் பிழைக்கிறவள். "வெளியாள் கைக்குப் போறதுக்கு நீயே பண்ணேன் குட்டி" என்று அக்கா கேட்டாள். அக்கா கேட்டு நான் மாட்டேன் என்று சொன்ன விஷயம் இதுவரை ஒன்றும் இல்லை. தலையை ஆட்டிவிட்டேன்.

இந்த மாதிரிப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. முதலில் இருட்டு. மேடைக்குப் போகும் வழியில் ஆள் நடப்பான், நாம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் போகவேண்டும். அவன் முதுகில் அப்படி என்ன எழுதியிருக்கிறதோ! பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்ப்பான். மழை இல்லாவிட்டால் குழாயை வைத்து அடிப்பார்கள். பிறகு கருப்பு வெள்ளையில் ஒரு பெருமூச்சு. "நகைச்சுவைங்கறது வலியிலிருந்து வர்றது" என்பான். என்ன வலி என்று யாரும் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்து எங்கள் மாமாவுக்கு வந்த ஒரே வலி பல்வலி. அதையும் அக்கா வேலை பார்க்கிற பல் டாக்டர் சும்மாவே பிடுங்கிக் கொடுத்தார்.

படத்தின் டைரக்டர் எந்த வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருப்பான். அதனால் எனக்கு அவன் மஃப்ளர். 'ஹானஸ்ட்' என்றும், பூச்சில்லாத பச்சை நிஜம் என்பதற்கு 'ரா' என்றும் இரண்டு வார்த்தை வைத்திருந்தான். டீ ஆறிப்போயிருந்தால்கூட அது 'ரா'தான். மேடைக்குப் பின்னாலிருந்த ஒப்பனை அறையில், பல்பு வரிசை வைத்த பெரிய கண்ணாடி முன்னால் மாமாவை உட்காரவைத்து, அவன் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதை முழுசாக ஒரு மத்தியானம் எடுத்தான். மாமா அலுக்காமல் பார்த்தான். அதில் அவனுக்கு எந்தக் கஷ்டமும் இருந்த மாதிரித் தெரியவில்லை.

சரி, தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்கிறேன். இது தெரிந்தால்தான் பிறகு நடந்தது புரியும்.

மேடையில் ஒருவன் ஜோக் சொல்கிறான், உடனே கூட்டத்தில் ஒரு அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதைக் காட்டுகிறார்கள் இல்லையா? அந்த அம்மா அந்த ஜோக்குக்குத்தான் சிரித்தாள் என்று நினைத்தால் உங்கள் காதில் பூ. அவள் அரை மணி நேரம் முன்னால் வேறு எதற்கோ சிரித்திருப்பாள். பக்கத்து சீட்டுக்காரன் பாப்கார்னைக் கொட்டியதற்குக்கூட இருக்கலாம். எடிட்டர்தான் எடுத்து இங்கே ஒட்டுகிறார். என் கம்ப்யூட்டரில் 'சிரிப்பு' என்றே தனியாக ஒரு ஃபோல்டர் உண்டு. 'வழுக்கை, தொடையில் தட்டுது.' 'கூட்டம், சுமார்.' 'சிவப்புச் சட்டை, இருமலா சிரிப்பா தெரியல.' இப்படிப் பெயர் போட்டு வைத்திருப்பேன். ஜோக் விழுந்து அடிபட்ட இடத்தில் எல்லாம் இதை எடுத்து ஒட்டுவேன். மாமாவின் படத்துக்கு அந்த ஃபோல்டர் காலியாகும் அளவுக்கு வேலை இருந்தது.

அந்த ஃபோல்டரில் 'அக்கா' என்று ஒன்று இருந்தது. நிகழ்ச்சி நடந்த அன்றைக்கு மஃப்ளர் ஒரு கேமராவை அக்காவுக்கென்றே வைத்திருந்தான். மாமா பேசுவதில் பாதி பொண்டாட்டியைப் பற்றித்தானே. பொண்டாட்டி குறட்டை, பொண்டாட்டி வண்டி ஓட்டுவது, பொண்டாட்டி கோபம். அக்கா குறட்டை விடுகிறவள் இல்லை. விடுகிறவன் அவன். அதெல்லாம் அக்கா கண்டுகொள்ள மாட்டாள். "தொழில்டி, போனாப் போகுது" என்பாள்.

ஒன்றே ஒன்றைத் தவிர. அம்மா செத்த அன்றைக்கு நடந்ததை மேடையில் தொடக்கூடாது. இதை அவள் கேட்டு வாங்கியிருந்தாள். அவனும் அக்கா தலையில் கை வைத்து, "சத்தியமா சொல்லமாட்டேன்டி" என்றிருந்தான்.

அம்மாவுக்கு இதயத்தில் ஆபரேஷன். உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. நான் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரிப் பின்வாசலில் அம்மாவை வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டார்கள். வண்டி நகர்ந்தது. அக்கா ஒரு கையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடினாள். "அம்மா கண்ணாடி! அம்மா கண்ணாடி!" செருப்பு ஒரு பக்கம் கிடந்தது. கேட்டில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையில் அம்மாவின் மூக்குக் கண்ணாடி இருந்தது. அது இல்லாவிட்டால் அம்மாவுக்கு எதிரில் நிற்கிறவர் முகம் தெரியாது. தூங்கி எழுந்ததும் அம்மாவின் கை முதலில் தேடுவது அதைத்தான்.

இதுதான் நடந்தது. இனி நிகழ்ச்சியில் நடந்ததைச் சொல்கிறேன்.

நானும் அக்காவும் முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்து சீட். நிகழ்ச்சி தொடங்க இன்னும் நேரம் இருந்தது. கூட்டம் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. விளக்கு சரியாக விழுகிறதா என்று பார்க்க மாமா மேடையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தான். போட்டிருந்த பேன்ட்டைப் பார்க்க வேண்டுமே! பழுப்பு, வெல்வெட், அதில் பூ வேறு. நான் அக்கா காதோரம் குனிந்து சொன்னேன்: "சோபா உறையக் காணோம்னு வீடு பூரா தேடினியே, அதோ மேடையில நடந்து போகுது பாரு." அக்காவுக்கு அடக்க முடியவில்லை. வாயைப் பொத்தினாள், குனிந்தாள், நிமிர்ந்தாள், கண்ணில் தண்ணீர் வந்து, மறுபடியும் அந்தப் பேன்ட்டைப் பார்த்து மறுபடியும் சிரித்தாள். அம்மா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நிகழ்ச்சி பாதி ஓடியது. வழக்கமான கண்றாவிதான். திடீரென்று மாமா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். முகத்தில் ஒரு சோகத்தைப் பூசிக்கொண்டான்.

"என் மாமியார் செத்துப் போயிட்டாங்க" என்றான். கூட்டம் அடங்கியது. "வண்டியில ஏத்தியாச்சு. வண்டி கிளம்பிடுச்சு. என் பொண்டாட்டி, அதோ உக்காந்திருக்கா பாருங்க, அவதான், வண்டி பின்னாடியே ஓடுறா. 'அம்மா கண்ணாடி! அம்மா கண்ணாடி!' கையில என்னன்னு பாத்தா, இவ்ளோ பெரிய கண்ணாடி! பீரோவுல இருந்து கழட்டி எடுத்துட்டு வந்திருக்கா!" இரண்டு கையையும் விரித்து, கனமான ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி மேடையைச் சுற்றி ஓடினான். "ஏன்டி, செத்தவங்களுக்கு எதுக்குடி கண்ணாடின்னேன். அவ சொல்றா, 'மேல எங்க அப்பா இத்தன வருசமா காத்துட்டு இருக்காரு. இந்தக் கோலத்துலயா போவாங்க? ஒரு தடவ தலையச் சீவிக்கட்டும்!'"

ஒரே வார்த்தை. மூக்கில் மாட்டுவதும் கண்ணாடிதான், முகம் பார்ப்பதும் கண்ணாடிதான். அந்தச் சந்தில் புகுந்து எங்கள் அம்மாவைக் கொண்டுபோய் விற்றுவிட்டான். ஜோக்காகப் பார்த்தால் அவன் சொன்னதிலேயே அதுதான் கொஞ்சம் தேறும். அதனால்தான் எனக்கு வயிறு இன்னும் எரிந்தது.

கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. ஆனால் 'அதோ உக்காந்திருக்கா பாருங்க' என்று இவனே கைகாட்டி வாயைக் கொடுத்திருந்தானே! பாதிப் பேர் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். அக்கா மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். திறந்தாள், மூடினாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அதைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு தொண்டையில் நின்றுவிட்டது. மாமா அவசரமாக அடுத்த ஜோக்குக்குத் தாவினான்.

வீட்டுக்குப் போகும்போது, "வாய் தவறி வந்துடுச்சுடி, மேடையில நிக்கும்போது அதெல்லாம் நம்ம கையில இல்ல" என்றானாம். வாய் தவறியவன்தான் அதற்கென்று கை காலை எல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தானா?

எடிட்டிங் அறையில் நான் முதலில் செய்த வேலை அந்தக் கண்ணாடிப் பகுதியை வெட்டித் தூரப் போட்டதுதான். மஃப்ளர் வந்து பார்த்தான்.

"அது எங்க?"

"அது வேண்டாம் சார். சரியா விழல."

"என்ன மேடம் நீங்க? படத்தோட உயிரே அதுதான். மரணம், குடும்பம், சிரிப்பு, எல்லாம் ஒரே இடத்துல! அவ்ளோ ரா!"

"கூட்டமே சிரிக்கல சார்."

"அவரோட ஒய்ஃப் சிரிச்சா கூட்டம் சிரிக்கும். படம் பாக்கறவனும் சிரிப்பான். 'செத்தது அவங்க அம்மா, அவங்களே சிரிக்கிறாங்க, நமக்கென்ன'ன்னு ஒரு பர்மிஷன் கிடைக்கும் பாருங்க."

"அவ சிரிக்கலையே."

மஃப்ளர் என் மௌஸை வாங்கினான். 'சிரிப்பு' ஃபோல்டரைத் திறந்தான். 'அக்கா' என்பதை அழுத்தினான். திரையில் அக்கா வாயைப் பொத்தினாள், குனிந்தாள், நிமிர்ந்தாள், கண்ணைத் துடைத்தாள்.

"சிரிச்சிருக்காங்களே, இதோ. அழுதுகிட்டே சிரிக்கிறாங்க! தங்கம் மாதிரி ஷாட்!"

சோபா உறை. அந்த ஆள் படத்தில் இருக்கிற ஒரே நல்ல ஜோக் என்னுடையது. அதற்கும் சத்தம் கிடையாது.

அந்த நேரம் பார்த்து மாமா உள்ளே வந்தான். கையில் காபி, அவனுக்கு மட்டும். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு என் நாற்காலியின் முதுகைத் தட்டினான்.

"என்ன மச்சினி, சின்னப் புள்ள மாதிரி அடம் பிடிக்கிற? உங்க அக்கா சிரிச்சாளா இல்லையா?"

"சிரிச்சா மாமா. ஆனா உங்க ஜோக்குக்கு இல்ல."

"எப்ப சிரிச்சான்னு எவன் கேக்கப் போறான்?"

"சித்தி கேப்பா."

சித்தி என்றால் அம்மாவின் ஒரே தங்கை. அம்மா போனதிலிருந்து தினமும் அக்காவுக்கு போன் பண்ணி, பேச ஒன்றும் இல்லாமல், "அப்புறம்?" "அப்புறம்?" என்றே கேட்டுக்கொண்டிருக்கிறவள். அவள் இந்தப் படத்தைப் பார்ப்பாள். அவள் பெற்ற பிள்ளைகள் போட்டுக் காட்டுவார்கள். தன் கூடப் பிறந்தவள் செத்ததற்கு, பெற்ற மகளே விழுந்து விழுந்து சிரிக்கிறாள் என்று அவள் பார்ப்பாள். ஒட்டிய ஷாட் என்று அவளுக்கு யார் போய்ச் சொல்வது? இதைத்தான் நான் சொன்னேன். மாமா காபியை உறிஞ்சினான்.

"சித்திக்கெல்லாம் ஆர்ட் புரியாது, விடு."

ஆர்ட்டாம், மண்ணாங்கட்டி.

மறுநாள் அக்காவை எடிட்டிங் அறைக்கு வரச் சொன்னேன். மதிய சாப்பாட்டு இடைவேளையில் கிளினிக் கோட்டோடு வந்தாள். பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறவள். பயந்து நடுங்கி வருகிறவர்களை, "ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க, மெதுவா வாயத் திறங்க" என்று உட்காரவைத்து உட்காரவைத்து அவள் குரலே ஒரு மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது. மஃப்ளர் ஒட்டிவைத்திருந்ததைப் போட்டுக் காட்டினேன். அழுவாள் என்று டிஷ்யூ எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அவள் அழவில்லை.

"இது சோபா உறை" என்றாள்.

"ஆமாக்கா."

"இன்னொரு தடவ அவர் சொல்றத மட்டும் போடு."

போட்டேன். மாமா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மேடையைச் சுற்றி ஓடினான்.

"குட்டி, உனக்கு ஒண்ணு தெரியாது" என்றாள் அக்கா. "ஆபரேஷனுக்கு முன்னாடி நர்ஸ் அம்மா கண்ணாடியக் கழட்டி இவர்கிட்டதான் குடுத்தாங்க. இவர் சட்டப் பாக்கெட்ல போட்டுக்கிட்டார். ஏதோ போன் வந்துச்சு, ஒரு நிகழ்ச்சி விஷயம், கீழ போனவர் அப்படியே அந்த வேலையா கிளம்பிட்டார். அம்மாவ உள்ள தள்ளிட்டுப் போறதுக்கு முன்னாடி, 'கண்ணாடியக் குடுடி, யார் நிக்கிறீங்கன்னே தெரியல, உன் மூஞ்சியப் பாத்துட்டுப் போறேன்'னு கேட்டா. நான் தலகாணி எல்லாம் தூக்கித் தேடறேன். கட்டிலுக்கு அடியில தேடறேன். அவருக்கு போன் போட்டா பிஸி. நர்ஸ் நேரமாச்சுன்னுட்டாங்க. அம்மா என் பக்கம் பாக்கறதா நெனச்சு சுவரப் பாத்துச் சிரிச்சுட்டுப் போனா."

அவளுக்காக எடுத்து வைத்திருந்த டிஷ்யூவில் ஒன்றை நான் உருவிக்கொண்டேன்.

"அம்மாவ வண்டியில ஏத்தின பிறகுதான் இவர் வந்தார். பாக்கெட்ல கை விட்டு, 'இந்தா, இது என்கிட்டயே இருந்துடுச்சு'ன்னு குடுத்தார். அப்பதான் நான் ஓடினேன்."

"இத்தன நாளா ஏன்க்கா சொல்லல?"

"சொல்லி? வேணும்னா செஞ்சார்? மறந்துட்டார். மனுஷன்தானே மறப்பான்னு விட்டுட்டேன். அதனாலதான் மேடையில தொடாதீங்கன்னேன். அவருக்கே அசிங்கமா இருக்குமேன்னுதான்."

இதைக் கேட்டதும் எனக்கு அந்தத் திரையை உடைக்க வேண்டும் போல் இருந்தது. அந்தப் பிறவிக்கு அசிங்கமாக இருக்குமே என்று இவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த ஆளோ அதற்கே டிக்கெட் போட்டிருக்கிறான். சீ!

"நான் அவர்கிட்ட பேசறேன்" என்று அக்கா எழுந்தாள். "நீ சண்ட போடாத."

பேசினாள். அவனும் கேட்டுக்கொண்டானாம். "எடுத்துடறேன்டி, முழுசா எடுத்துடறேன், போதுமா?" என்றானாம். அக்கா எனக்கு போன் பண்ணி நிம்மதியாகச் சொன்னாள். அடுத்த வாரம் மஃப்ளர் கூப்பிட்டான். "மேடம், நீங்க ரொம்ப டயர்டா தெரியறீங்க. மிச்சத்த நானே பாத்துக்கறேன். ரெஸ்ட் எடுங்க." மாமாவும் பின்னாலேயே ஒரு செய்தி அனுப்பினான், கைகூப்புகிற படம் போட்டு. எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். தொலைந்தது சனியன் என்று வேறு வேலை எடுத்துக்கொண்டேன்.

வெளியீட்டுக்கு முன்னால் பத்திரிகைக்காரர்களுக்கென்று ஒரு காட்சி போட்டார்கள். சின்ன தியேட்டர். படம் முடிந்ததும் கேள்வி பதில். அதையும் படத்தோடு சேர்த்து வெளியிட மஃப்ளர் ஓரத்தில் ஒரு கேமராவை வைத்திருந்தான். அக்காவும் நானும் நடுவரிசை.

முதுகு வந்தது. ஜன்னல் வந்தது. குழாய் மழை வந்தது. "நகைச்சுவைங்கறது வலியிலிருந்து வர்றது" வந்தது. எனக்கு முன்னால் ஒருவர் அழகாகத் தூங்கிவிட்டார்.

பிறகு, "என் மாமியார் செத்துப் போயிட்டாங்க."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

முழுசாக இருந்தது. ஒரு வார்த்தை குறையவில்லை. "ஒரு தடவ தலையச் சீவிக்கட்டும்!" என்றதும் திரை முழுக்க அக்காவின் முகம். வாயைப் பொத்தினாள், குனிந்தாள், நிமிர்ந்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தியேட்டர் குபீரென்று சிரித்தது. மஃப்ளர் சொன்ன பர்மிஷன் கிடைத்துவிட்டது. கூட்டத்தின் சத்தத்தைவேறு எங்கிருந்தோ எடுத்து மேலே கொட்டியிருந்தான்.

"குட்டி, அது நானா?" என்றாள் அக்கா. அவள் நகம் என் கையில் பதிந்துவிட்டது.

எழுந்து கத்தியிருப்பேன். ஆனால் அந்த ஷாட்டில் ஒன்றைப் பார்த்தேன். பக்கத்து சீட்டில் இருந்த என்னை மறைக்க மஃப்ளர் படத்தைப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டியிருந்தான். அரைகுறை வேலை. என் மூக்குக்குக் கீழே பாதி வாய் திரையின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது அக்கா காதில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. கல்யாண வீடியோவில்கூட நான் இப்படி ஒரு தப்பு விட்டதில்லை.

விளக்கு போட்டார்கள். மாமாவும் மஃப்ளரும் மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நாலைந்து பேர் எழுந்து 'துணிச்சல்' என்றார்கள். ஒருவர் 'கத்தி மேல் நடந்திருக்கிறீர்கள்' என்றார். மாமா தலையைக் குனிந்து அதையெல்லாம் வாங்கிக்கொண்டான். பிறகு ஒரு பெண் நிருபர் எழுந்தாள். சிரித்த முகம். யாரையும் மாட்டிவிடுகிற நோக்கம் அவளுக்கு இல்லை.

"எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்தக் கண்ணாடி ஜோக். அதைவிட உங்க மனைவி சிரிச்சது. சொந்த அம்மாவோட சாவுக்கு எப்படி இவ்ளோ மனசுவிட்டுச் சிரிக்க முடியுது? அப்புறம், பக்கத்துல ஒருத்தங்க அவங்க காதுல ஏதோ சொல்றாங்களே, அது என்ன?"

"எங்க வீட்ல எல்லாருக்குமே நகைச்சுவை உணர்வு ஜாஸ்தி" என்று மாமா முந்திக்கொண்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டத்தைக் கண்டால் இவனுக்கு வாய் நிற்காதே. "அவளே இங்கதான் இருக்கா. மேல வா! எல்லாரும் பாக்கட்டும்!"

எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா என் கையை விட்டுவிட்டு எழுந்து போனாள். மேடையில் யாரோ அவளுக்கும் ஒரு நாற்காலியைப் போட்டு, கையில் ஒரு மைக்கைக் கொடுத்தார்கள்.

"பக்கத்துல இருக்கறது என் தங்கச்சி" என்றாள் அக்கா. கிளினிக் குரல், மெத்தென்று. "வீட்ல சோபா உறையக் காணோம்னு தேடிட்டு இருந்தேன். அது மேடையில நடந்து போகுது பாருன்னு சொன்னா. இவர் பேன்ட்டப் பாத்து."

தியேட்டர் வெடித்தது. தூங்கியவர்கூட எழுந்து சிரித்தார். ஒட்டிய சிரிப்பு இல்லை, அசல். இவ்வளவு வருஷமாகச் சிரிப்பை வெட்டி ஒட்டுகிற எனக்குத் தெரியாதா அது? மாமாவும் சிரிக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கும் அதே பேன்ட்டைத்தான் போட்டிருந்தான்.

அக்கா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"அது நிகழ்ச்சி தொடங்கறதுக்கு முன்னாடி. கண்ணாடி ஜோக்குக்கு நான் சிரிக்கல. எனக்கு அது புரியல." மாமா பக்கம் திரும்பினாள். "நீங்களே இருக்கீங்க. கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்களேன். எந்தக் கண்ணாடி?"

"ஜோக்க விளக்கினா செத்துடும்டி" என்றான் மாமா. கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் அந்த இரண்டு பேரையும் நன்றியோடு பார்த்தான்.

"பரவால்ல. எந்தக் கண்ணாடி?"

"அதான்... கண்ணாடி."

"மூஞ்சி பாக்கறதா, மூக்குல மாட்டறதா?"

நிருபர் பெண் உட்காராமலே நின்றிருந்தாள். மாமா மஃப்ளரைப் பார்த்தான். மஃப்ளர் ஓரத்திலிருந்த கேமராக்காரனைப் பார்த்து, ஓடுகிறதா என்று விரலைச் சுழற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு இது 'ரா'.

"மூக்குக் கண்ணாடி" என்றான் மாமா.

"அம்மா அதக் கேட்டாங்க. என் மூஞ்சியப் பாத்துட்டுப் போறேன்னு கேட்டாங்க. நான் தேடினேன், கிடைக்கல. அது எங்க இருந்துச்சு?"

மாமாவின் கை தானாகப் போய்ச் சட்டைப் பாக்கெட்டைத் தொட்டது. அவனுக்கே அது தெரியவில்லை. தெரிந்ததும் சடாரென்று எடுத்தான். அதற்குள் தியேட்டரே பார்த்துவிட்டது.

"ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க" என்றாள் அக்கா. "மெதுவா சொல்லுங்க. இதுல எங்க சிரிக்கணும்னு மட்டும் சொல்லிடுங்க. நான் சிரிச்சுடறேன்."

மைக்கைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுகிறவன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. மூடினான். கூட்டத்தைப் பார்த்தான், எங்கேயாவது ஒரு சிரிப்பு கிடைக்குமா என்று. யாரும் தரவில்லை. அக்கா மைக்கை அவளுக்காகப் போட்டிருந்த காலி நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"வா குட்டி, போலாம்."

வெளியே நல்ல வெயில். பஸ் நிறுத்தத்தில் நிழல் இருந்த பக்கமாகப் போய் நின்றோம். நான் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தையும் தீர்ந்துபோய் முதலிலிருந்து தொடங்கினேன். மஃப்ளரையும் விடவில்லை. மேடையில் நடந்ததையும் எடுத்து ஒட்டி, 'எவ்வளவு ஹானஸ்ட்' என்று பேர் வாங்கிக்கொள்வான், அந்த நாய்! அக்கா எதையும் காதில் வாங்கவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து போனை எடுத்தாள்.

"சித்தி, நான்தான். கிளினிக்ல இல்ல, வெளிய. ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். சித்தி, ஒரு படம் வரும். உன் பசங்க போட்டுக் காட்டுவாங்க. அதுல அம்மாவப் பத்திப் பேசும்போது நான் சிரிக்கிற மாதிரி இருக்கும்."

அந்தப் பக்கம் சித்தி என்ன கேட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

"இல்ல சித்தி. அம்மாவுக்கு இல்ல. அது பேன்ட்டுக்கு" என்றாள் அக்கா. இரண்டாவது தடவை அதையே சொல்ல முயன்றபோதுதான் அழ ஆரம்பித்தாள். நான் போனை வாங்கிக் காதில் வைத்தேன்.

"அப்புறம்?" என்றாள் சித்தி.